விழுந்தால் பிடிப்பது எது? பாறை ஏறப் பழகிய ஏழு ஆண்டுகள்

காலணிக்குள் கால் நுழையவில்லை, மெட்டி இடித்தது. பாறை ஏறுவதற்கான காலணி நாம் வழக்கமாகப் போடும் ஷூ மாதிரி இருக்காது. விரல்கள் லேசாக மடங்கி, முன்பக்க ரப்பரோடு ஒட்டி உட்கார வேண்டும். 2018ஆம் ஆண்டு மே மாதம், பெங்களூரில் ஒரு செயற்கைச் சுவர் ஏற்றக் கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்து மெட்டியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுக்கிற சார் என் கையைப் பார்த்துவிட்டு மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். பிடியில் மோதிரம் சிக்கி உடம்பு மட்டும் கீழே போனால், விரலின் தோலும் சதையும் மோதிரத்தோடு உரிந்து வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் காலைத்தான் முதலில் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். “ஏறப் போறப்ப கழட்டி வச்சுட்டுப் போ, வந்ததும் போட்டுக்க. கால் நல்லா இருந்தாத்தானம்மா மெட்டி” என்றார். அவர் முகம் சுளித்திருந்தால் நான் மறுநாள் போயிருக்க மாட்டேன். இன்று இதை எழுதும்போது அவருக்குத்தான் முதல் நன்றி.

எனக்கு அப்போது 36 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்பது வயது மகளைக் கோடைப் பயிற்சியில் சேர்த்துவிட்டு, அவள் முடித்து வரும்வரை இரண்டு வாரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் நானும் பணம் கட்டினேன்.

பாறை ஏறுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எவ்வளவு உயரம் ஏறுவீங்க?” உயரத்தை வைத்து இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. நாலு மீட்டர் கல்லில் கணுக்கால் பிசகிய எனக்கு, நூறு மீட்டர் பாறையில் ஒரு கீறலும் விழாத நாட்கள் உண்டு. கேட்க வேண்டியது வேறு: விழுந்தால் உன்னைப் பிடிப்பது எது? மெத்தையா, மேலிருந்து வரும் கயிறா, பாறையில் ஏற்கெனவே அடித்து வைத்த போல்ட்டா, நீயே வெடிப்பில் செருகிய உலோகத் துண்டா, தண்ணீரா, ஒன்றுமே இல்லையா? இந்தப் பதில் மாறும்போது ஏறும் வகையும் மாறுகிறது. பயமும் கருவியும் செலவும் கூட்டாளியும் மாறுகிறார்கள்.

முதலில் நான் பழகியது டாப் ரோப். சுவரின் உச்சியில் கயிற்றைத் தாங்கும் பிடிமானமான ஆங்கர் வழியாகக் கயிறு ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். ஒரு முனை இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய பட்டையான என் ஹார்னஸில், மறுபக்கம் தரையில் நின்று கயிற்றைப் பிடிக்கும் பிலேயரிடம். நான் ஏற ஏற அவர் தளர்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கை நழுவினால் ஒரு முழம், அதிகம் போனால் இரண்டு முழம் இறங்கித் தொங்குவேன். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. விழுவதன் பயம் குறைவதால் காலைக் கவனிக்க மனசு மிஞ்சும்.

கால்தான் எல்லாம். நான் முதல் மாதம் முழுக்கக் கையால் இழுத்தே ஏறினேன். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். அம்மாவின் ஊர் உடன்குடிப் பக்கம். சின்ன வயதில் பனையேறும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, கையால் மரத்தை அணைத்து நிறுத்திக்கொள்வார்கள். உடம்பை மேலே தள்ளுவது கால். ஒரு நாள் சுவரில் தொங்கியபடி அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. கையை நீட்டி எலும்பில் தொங்கவிட்டு, இடுப்பைச் சுவரோடு ஒட்டி, காலை ஊன்றி எழுந்தேன். அன்றைக்குத்தான் மஞ்சள் பிடிகள் போட்ட வழியை முதல்முறையாக முடித்தேன்.

டாப் ரோப் பாதுகாப்பானதுதான். முடிச்சு சரியாக இருக்கும்வரை. எட்டு வடிவ முடிச்சை முதலில் ஒற்றையாகப் போட்டு, நுனியை ஹார்னஸின் இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, வந்த தடத்திலேயே திரும்ப நுழைத்து முடிக்க வேண்டும். ஒரு நாள் ஒற்றை எட்டைப் போட்டு நுனியை வளையத்துக்குள் விட்டேன். அதற்குள் மகள் ஓடி வந்து பள்ளிக் கட்டணம் பற்றி ஏதோ கேட்டாள். பதில் சொல்லிவிட்டு நேராகச் சுவரில் கை வைத்துவிட்டேன். என் பிலேயர் சேலத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். “அக்கா, முடிச்சக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். நுனி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மேலே போய் உட்கார்ந்திருந்தால் கயிறு உருவிக்கொண்டு போயிருக்கும்.

இது புதியவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி 1989இல் பிரான்ஸின் பூவூ பாறையில் இதே போல முடிச்சை முடிக்க மறந்து, உச்சியில் கயிற்றில் சாய்ந்து 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். அப்போது உலகின் முன்னணி ஏற்ற வீராங்கனைகளில் ஒருவர் அவர். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். அனுபவம் கூடக் கூடக் கை தன்னால் முடிச்சுப் போடும். மனசு வேறெங்கோ இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முடிச்சுப் போடும்போது பேசாதீர்கள். பேச்சு வந்தால் முடிச்சை முழுக்க அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள். போட்ட பிறகு கயிறு இரண்டிரண்டாக ஐந்து இடத்தில் இணையாக ஓடுகிறதா என்று எண்ணுங்கள். நுனி ஒரு சாணாவது மிஞ்சட்டும். பிறகு நீங்கள் பிலேயரின் கருவியைப் பாருங்கள், அவர் உங்கள் முடிச்சைப் பார்க்கட்டும்.

லின் ஹில் பெயரை எடுத்ததால் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அவர் 1993இல் அமெரிக்காவின் யோசமிட்டியில் உள்ள எல் கேப்பிட்டன் பாறையின் ‘நோஸ்’ வழியை முதன்முதலாக ‘ஃப்ரீ’ ஆக ஏறினார். அடுத்த ஆண்டே 24 மணி நேரத்துக்குள் ஏறிக் காட்டினார். ஃப்ரீ என்றால் கயிறு இல்லாமல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேலே போவதற்குக் கையும் காலும் பாறையும் மட்டும். கயிறு விழுந்தால் பிடிப்பதற்கு மட்டும். கருவியைப் பிடித்து இழுத்தோ, அதில் தொங்கவிட்ட நாடா ஏணியில் மிதித்தோ ஏறினால் அது எய்ட் க்ளைம்பிங். கயிறே இல்லாமல் ஏறுவது ஃப்ரீ சோலோ. இந்த மூன்றையும் பத்திரிகைகள்கூடக் கலந்து எழுதுகின்றன.

கூடத்தில் ஏழு மாதம் பழகிய பிறகு, டிசம்பர் மாதம் ஹம்பிக்குப் போனோம். போல்டரிங் என்றால் என்ன என்பதை அங்கேதான் உடம்பு கற்றது. கயிறு இல்லை, ஹார்னஸ் இல்லை. மூன்று, நாலு மீட்டர் உயரக் கருங்கல் உருண்டைகள். கீழே க்ராஷ் பேட் எனும் தடித்த மெத்தை. பின்னால் கை நீட்டி நிற்கும் நண்பர். துங்கபத்திரையின் வடகரையில் சாணாபூர் பக்கம் தங்கினோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கல்லின் மேல் கல். ராமாயணக் கிட்கிந்தை இதுதான் என்பார்கள். சுக்ரீவன் ஒளிந்திருந்த ரிசியமுக மலையின் பெயரையே அங்குள்ள ஒரு போல்டரிங் பகுதிக்கும் வைத்திருக்கிறார்கள். அங்குள்ள குரங்குகள் கல்லில் நடப்பதை ஒரு மணி நேரம் பார்த்தேன். எந்தக் குரங்கும் கையால் இழுப்பதில்லை.

போல்டரிங்கில் ஏற்றம் குட்டையானது, ஆனால் செறிவானது. ஆறேழு அசைவுதான், அந்த ஆறேழுக்கு ஒரு நாள் போகும். இதில் ‘ப்ராப்ளம்’ என்பார்கள் வழியை, உண்மையிலேயே கணக்குப் போடுவது போலத்தான். எந்தக் கையை எங்கே, எந்தக் குதிகாலை எதில் மாட்டுவது என்ற தீர்வுக்கு ‘பீட்டா’ என்று பெயர். யாராவது கேட்காமலே பீட்டா சொன்னால் பலருக்கும் பிடிக்காது. விடுகதைக்கு விடையை முந்திச் சொன்ன மாதிரி. கடினத்தை வி0, வி1 என்று மேலே எண்ணிக்கொண்டே போவார்கள். வி17 வரை ஏறியவர்கள் உண்டு. நான் ஏழு ஆண்டில் வி4 தொட்டிருக்கிறேன்.

கணுக்கால் பிசகியது மூன்றாம் நாள் காலை. தரையிலிருந்து என் பாதம் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தது. வலக்கை ஒரு படிகக் குமிழியில். ஹம்பிக் கருங்கல்லின் படிகங்கள் கூராக இருக்கும். ஏற்கெனவே மூன்று விரல் நுனியில் தோல் போயிருந்தது. நாலாவது விரலும் எரிந்தது, கையைத் திறந்துவிட்டேன். கீழே இரண்டு மெத்தைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தோம். நடுவில் ஒரு கை அகல இடைவெளி. என் இடது கால் சரியாக அந்த இடைவெளிக்குள் இறங்கியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறு வாரம் வீட்டில்.

அதற்குப் பிறகு மெத்தைகள் சந்திக்கும் இடத்தின் மேல் ஒரு மெல்லிய பாய் போட்டுத்தான் ஏறுகிறோம். விழும்போது முழங்காலை மடக்கி, இரண்டு காலிலும் சேர்த்து இறங்கி, முதுகுப் பக்கம் உருளுங்கள். கையைப் பின்னால் ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். பின்னால் நிற்பவரின் வேலை உங்களைத் தூக்கிப் பிடிப்பது அல்ல, தலை அடிபடாமல் மெத்தைப் பக்கம் உங்களைத் திருப்பிவிடுவது. ஏறுவதற்கு முன் கல்லைச் சுற்றி வந்து இறங்கும் வழியைப் பாருங்கள். ஏறுவது எளிது, இறங்குவது கடினம் என்ற கற்கள் ஹம்பியில் ஏராளம். வெயில் ஏறினால் விரல் வியர்த்து வழுக்கும். அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதிலும் காலையும் மாலையும்தான். கோயில், மண்டபம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள எதன்மேலும் கை வைக்கக் கூடாது. விரல் வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடியின் வெள்ளைத் தடத்தை ஏறி முடித்ததும் தூரிகையால் துடைத்துவிட்டு வாருங்கள்.

என் மனசுக்கு மிக நெருக்கமான வகை ஸ்போர்ட் க்ளைம்பிங். அதற்கு வடகர்நாடகத்தின் பாதாமி. இரவு ரயிலில் போய் காலையில் இறங்கினால், சாளுக்கியர் ஆறாம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயில்கள் உள்ள அதே செம்மணற்கல் குன்றுகள். கோயில்களை விட்டுத் தள்ளி, நெட்டுக்குத்தான சுவர்களில் பாறைக்குள் துளையிட்டுப் போல்ட் அடித்திருக்கிறார்கள். ஏறுகிறவர் கயிற்றைத் தன்னோடு கீழிருந்து இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு போல்ட்டிலும் இரு முனையிலும் கொக்கி உள்ள குயிக்டிராவை மாட்டி, அதில் கயிற்றைக் கோக்க வேண்டும். இதுதான் லீட். டாப் ரோப்பில் கயிறு உங்களுக்கு மேலே இருக்கும். லீடில் உங்களுக்குக் கீழே. இந்த ஒரு மாற்றத்தில் உலகமே தலைகீழாகிவிடும்.

கணக்கு இதுதான். கடைசியாகக் கோத்த போல்ட்டிலிருந்து இரண்டு மீட்டர் மேலே போயிருக்கிறேன் என்றால், விழுந்தால் போல்ட் வரைக்கும் இரண்டு மீட்டர், அதற்குக் கீழே இன்னும் இரண்டு மீட்டர். அதோடு கயிற்றின் தளர்வும் நீட்சியும் சேரும். ஏறும் கயிறு சாதாரணக் கயிறு இல்லை, விழும்போது 30 சதவீதம் அளவுக்குக்கூட நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத கயிற்றில் லீட் செய்தால் இடுப்பும் முதுகும் அந்த அடியைத் தாங்காது. கிணற்றுக் கயிறு, கட்டட வேலைக் கயிறு எதுவும் இதற்கு ஆகாது.

முதல் லீட் விழுகையை நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். கை தளரும்போதெல்லாம் “டேக்!” என்று கத்துவேன்; தோழி கயிற்றை இறுக்குவாள்; உட்கார்ந்துகொள்வேன். ஒரு கட்டத்தில் ஏறுவதையே விட்டுவிட்டு ‘டேக்’ சொல்வதில்தான் தேர்ந்திருந்தேன். பாதாமியில் ஒரு மாலை, 6ஏ என்ற கடின அளவிலான வழி. என் பாதம் ஐந்தாவது போல்ட்டுக்கு மேலே முழங்கால் உயரம் ஏறியிருந்தது. ஆறாவது போல்ட் கைக்கு ஒரு சாண் தூரத்தில். கயிற்றைக் கையில் எடுத்துக் கோக்க நீட்டினேன். வலது முழங்கை தையல் மிஷின் மாதிரி ஆடியது. கீழேயிருந்து தோழி சொன்னாள், “அக்கா, நான் இருக்கேன். மூச்ச விட்டுட்டு நீட்டுங்க.” நீட்டினேன், விழுந்தேன்.

விழும்போது சிவப்புப் பாறை மேலே ஓடியது. கயிறு மெத்தென்று பிடித்தது. அவள் சரியான நேரத்தில் ஒரு சின்னக் குதி குதித்திருந்தாள். அதனால்தான் நான் பாறையில் மோதவில்லை. பிலேயர் மரம் மாதிரி நின்றால் விழுகிறவர் ஊஞ்சல் ஆடிச் சுவரில் மோதுவார். அரை நிமிடம் தொங்கினேன். பிறகு அழுதேன், பயத்தில் அழுததாக இப்போது தோன்றவில்லை. எட்டு மாதம் எதற்கு அஞ்சினேனோ அது நடந்து முடிந்துவிட்டது, நான் இருக்கிறேன். மறுநாள் காலை அதே வழியை ஒரு டேக்கும் இல்லாமல் முடித்தேன்.

லீட் பழகுகிறவர்கள் மூன்று விஷயத்தைக் கூடத்திலேயே கை மறக்காதபடி பழக வேண்டும். கயிறு பாறைப் பக்கமிருந்து வெளிவந்து உங்கள் பக்கம் வரும்படி கோக்க வேண்டும். திருப்பிக் கோத்தால் விழும்போது கயிறே குயிக்டிராவின் வாயைத் திறந்துவிடலாம். கயிறு காலுக்குப் பின்னால் போகக் கூடாது. போனால் தலைகீழாகப் புரட்டிவிடும், அதனால் ஹெல்மெட் எப்போதும். மூன்றாவது, கயிற்றின் கீழ் முனையில் முடிச்சு. 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டருக்கு மேல் உயரமான வழியை ஏறினால், இறக்கும்போது கயிறு தீர்ந்து பிலேயரின் கருவி வழியாக நுனி ஓடிவிடும். திறமைசாலிகள் பலர் இப்படித்தான் விழுந்திருக்கிறார்கள். முடிச்சு போட்டிருந்தால் அது கருவியில் வந்து முட்டி நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் மணற்கல்லில் ஏறாதீர்கள். ஈரத்தில் அந்தக் கல் வலு இழக்கும், பிடி உடையும்.

பெங்களூருக்கு மேற்கே சாவனதுர்க்கா. ஒரே கல்லாக எழுந்த பெருங்குன்று, கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர். இங்கே ஸ்லாப், அதாவது சாய்ந்த வழுவழுப் பாறை. பிடி என்று ஒன்றும் இருக்காது. உள்ளங்கையைப் பதித்து, குதிகாலைத் தாழ்த்தி, ரப்பரின் உராய்வை நம்பி நடக்க வேண்டும். பயந்து பாறையோடு உடம்பை ஒட்டினால் பாதம் வழுக்கும். நிமிர்ந்து நின்றால்தான் நிற்கும். சொல்ல எளிது. தீபாவளி என்று பெயர் வைத்த ஒரு நீண்ட வழி இங்கே உண்டு. ஒரு கயிற்று நீளத்தில் முடியாது. ஒருவர் ஏறி ஆங்கர் அமைத்து மற்றவரை மேலே வரவழைக்க வேண்டும், பிறகு அடுத்த நீளம். மல்டி-பிட்ச் என்பது இதுதான். போல்ட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும். விழுந்தால் விழுவதில்லை, சறுக்குவோம், தோல் போகும். விடியுமுன் கிளம்பி பத்தரைக்குள் வெயிலை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். காற்றில் குரல் கேட்காது. கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன அர்த்தம் என்று தரையிலேயே பேசி வைத்துக்கொண்டோம். அன்று அதுதான் உதவியது.

மைசூர் சாலையில் ராமநகரத்தில் ட்ராட் பழகினேன். போல்ட் இல்லாத வெடிப்பு. விழுந்தால் பிடிக்கப்போவதை நானே செருகிக்கொண்டு ஏற வேண்டும்: வெடிப்பு குறுகும் இடத்தில் நட் என்ற உலோகக் கட்டை, இணையான வெடிப்பில் விசையால் விரிந்து இறுகும் கேம். கையை வெடிப்புக்குள் விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி உப்பவைத்தால் கை ஆப்பு போல இறுகும். புறங்கைத் தோல் போகாமலிருக்க டேப் சுற்றிக்கொள்வோம்.

இரண்டு ஆண்டு மற்றவர்களுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக ஏறி, அவர்கள் செருகியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் நான் முன்னால் போனேன். பன்னிரண்டு மீட்டர் வெடிப்பு, ஆறு கருவிகள். விழவில்லை. பின்னால் வந்த மூத்த அண்ணா ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டே வந்தார். நாலாவது கேமின் அருகே நின்று என்னைப் பார்த்தார். நான் அதைத்தான் அதிகம் நம்பியிருந்தேன். அதன் துணிச்சலில்தான் கடினமான இடத்தைக் கடந்தேன். இரண்டு விரலால் தொட்டார், வந்துவிட்டது. நான் மேலே போகப் போகக் கயிறு அதை அசைத்து அகலமான இடத்துக்கு நகர்த்தியிருந்தது. நீளமான நாடா போட்டுக் கயிற்றைக் கோத்திருந்தால் நகர்ந்திருக்காது. விழுந்தால் பிடித்து நிறுத்தாத ஒன்றை நம்பி ஏறியிருக்கிறேன் என்று தெரிந்தபோது வயிற்றில் ஏற்பட்ட குளிர், பாதாமியில் விழுந்தபோதுகூட ஏற்படவில்லை. ட்ராட் பழகுகிறவர்கள் தரையில் நின்று நூறு தடவை செருகி, உடம்பு எடையைப் போட்டுப் பார்த்து, தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பெரிய தேனீக்கள் இந்தப் பாறைகளில் எல்லாம் கூடு கட்டும். தூரத்தில் கறுப்புப் பட்டையாக அடை தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சென்ட் பூசிக்கொள்ளாதீர்கள், கூச்சல் வேண்டாம். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா குன்று பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம். வனத்துறை அனுமதி இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். விசாரித்துவிட்டுப் போவது நமக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிறவர்களுக்கும் வழியைத் திறந்து வைக்கும்.

ஒன்றுமே பிடிக்காத வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஜூன் 3ஆம் தேதி அலெக்ஸ் ஹானல்ட் எல் கேப்பிட்டனின் 900 மீட்டரைக் கயிறில்லாமல் நாலு மணி நேரத்துக்குள் ஏறினார். அந்த வழியின் அசைவுகளை அதற்கு முன் கயிற்றோடு திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்திருந்தார். நம் பக்கத்தில் சித்ரதுர்க்கா கோட்டைச் சுவரில் கயிறில்லாமல் ஏறும் ஜோதிராஜைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தேனி மாவட்டத்தில் பிறந்தவர். அவர்கள் திறமையை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மலைக்கோட்டைப் பாறையில் செருப்போடு ஏறும் பையன்களைத் திண்டுக்கல்லில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கைபிடித்துச் சொல்ல விரும்புகிறேன்: தம்பி, கயிற்றைக் கற்றுக்கொண்டு வா. கயிறு இல்லாமல் ஏறிப் பார்க்கும் ஆசை தீரவில்லை என்றால், ஆழமான நீருக்கு மேலே சாயும் பாறையில் ஏறும் வகை ஒன்று இருக்கிறது. அதற்கும் நீரின் ஆழத்தை அளந்தவரும் நீச்சல் தெரிந்த துணையும் வேண்டும்.

வேக ஏற்றம் எனக்குப் பழக்கமில்லை, மகளுக்குத்தான் ஆசை. உலகம் முழுக்க ஒரே அமைப்பு, 15 மீட்டர் சுவர், எங்கே போனாலும் பிடிகள் அதே இடத்தில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கியதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். டோக்கியோவில் மூன்று வகைக்கும் சேர்த்து ஒரே பதக்கம் வைத்திருந்தார்கள். பாரிஸில் வேகத்தைப் பிரித்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸில் போல்டர், லீட், வேகம் மூன்றும் தனித்தனி.

எதில் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் வரிசை: கூடத்தில் டாப் ரோப், கூடவே போல்டரிங், ஆறு மாதம் கழித்து லீட், அதன் பிறகு பாறை. முதலில் காலணியும் சாக் பொடிப் பையும் மட்டும் வாங்குங்கள். ஹார்னஸையும் கயிற்றையும் யாரிடமும் பழசாக வாங்காதீர்கள். அது எத்தனை விழுகையைப் பார்த்தது, எந்த அமிலத்தில் பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. முதல் ஆண்டு விரல் பயிற்சிப் பலகையில் தொங்காதீர்கள். தசை மூன்று மாதத்தில் பலமாகிவிடும், தசைநாண்களுக்கு ஆண்டுக்கணக்கு வேண்டும். அந்த இடைவெளியில்தான் விரல் கிழிகிறது. முப்பது தாண்டியவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுவேன். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் ஓய்வு.

பிலேயரின் எடையையும் பாருங்கள். மகளுக்கு இப்போது 16 வயது, கூடத்தில் பிலே தேர்வு முடித்து, சனிக்கிழமைகளில் அவள்தான் என் கயிற்றைப் பிடிக்கிறாள். அவள் 48 கிலோ, நான் 63. லீடில் நான் விழுந்தால் அவள் தரையை விட்டு மேலே போவாள். அதனால் முதல் போல்ட்டுக்குக் கீழே, சுவருக்கு அருகில், இடுப்பில் மணல் மூட்டையோடு சேர்த்துக் கட்டிய நாடாவோடு நிற்கப் பழக்கியிருக்கிறேன். நான் காலணியை இழுத்து மாட்டும்போது அவள் கருவியில் கயிற்றைப் போட்டு முடித்திருப்பாள். மெட்டியை அவளிடம்தான் கொடுப்பேன். அதை ஜிப் போட்ட பைக்குள் வைத்துவிட்டு நேரே என் இடுப்பைப் பார்ப்பாள்.

“முடிச்சக் காட்டும்மா.”

திரும்பி நின்று காட்டுவேன். ஐந்தையும் விரல் வைத்து எண்ணிவிட்டுத்தான் தலையாட்டுவாள்.